உண்ணா நோயும் ஆடவரும்

உணவை வெறுத்து உடல் மெலியும் நோய் மகளிர்க்கே உரியதெனப் பலரும் கருதுவர். அக்கருத்துப் பொருந்தாதென்பதையும், அதனால் ஆடவர்க்கு விளையும் கேட்டையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

1689-ஆம் ஆண்டில் ரிச்சர்டு மார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர், உணவில் விருப்பற்று மெலிந்த இருவரைப் பற்றி எழுதினார். ஒருத்தி இளமங்கை; மற்றவன் 16 வயது இளைஞன். பிற்காலத்தார் அவ்விளைஞனை மறந்தனர். மாதப்பூப்பு நின்றுபோதல் இந்நோயின் குறிகளுள் ஒன்றென அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 2013 வரை இருந்தது. ஆடவரிடம் காணவியலாத குறியைத் தேடுவார்க்கு ஆடவர் நோய் எங்ஙனம் புலனாகும்?

இனி, ஆடவர் பலர் விரும்புவது மெலிவன்று, திரண்ட தசையே. தோள் பருத்திருந்தும் தம்மைச் சிறுத்தவரென்றெண்ணி நாணிய ஆடவரைப் பற்றி, அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் போப்பும் அவர்தம் துணைவரும் 1993-இல் எழுதினர். பின்னர் அந்நிலைக்கு 'மசில் டிஸ்மார்பியா' என்னும் பெயர் வழங்கலாயிற்று.

இவ்வெண்ணத்திற்கு நெய் வார்ப்பன சமூக ஊடகங்கள். முன்னர்த் திரைப்பட நாயகனின் உடலைக் கண்டு வியந்தோம். இன்று கைப்பேசியில் நம்மொத்த வயதினன் உடலைக் கண்டு நாணுகிறோம். அப்படமோ, பயிற்சியால் தசை புடைத்த வேளையில் ஒளியமைத்து எடுத்த பலவற்றுள் ஒன்றாம், திருத்தப்பட்டதாகவும் இருக்கலாம். ஒரு கணத்தின் தோற்றத்தை நாள் முழுதும் வேண்டுவான் உணவைச் சுருக்குகிறான். சிலர் ஸ்டீராய்டு மருந்தையும் நாடுகின்றனர்.

'மனத்தை அடக்கினால் தீருமே' எனின், அற்றன்று. மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார், தாமே முன்வந்த 36 ஆடவர்க்கு 1945-இல் 24 வாரம் உணவைக் குறைத்து ஆராய்ந்தார். உடல்நலமும் உளநலமும் உடையோராய்த் தெரிந்தெடுக்கப்பெற்ற அவர்களும், உணவின் நினைவே மேலோங்கச் சினமும் சோர்வும் உற்றனர். சிலர் சமையல் நூல்களை விரும்பிப் படித்தனர். பசி நீடிப்பின் மனமும் திரியும் என்பது இதனாற் பெறப்படும். திரிந்த மனத்தை நோக்கி 'அடங்கு' என்றல், கால் முறிந்தானை 'ஓடு' என்பது போலாம்.

ஆகலின், நண்பர்களே! உணவறையில் உடன் உண்ணாது விலகுவானையும், காய்ச்சலிலும் பயிற்சி விடாதானையும் 'மனவுறுதி உடையான்' எனப் புகழுமுன் அவன் முகத்தைச் சற்றே நோக்குக. ஏளனம் வேண்டா, தனியே அழைத்து வினவுக, மருத்துவரிடம் உடன் செல்க. காலத்தில் மருத்துவம் பெற்று நலமடைந்தோர் பலர். 1689-இலேயே ஏட்டில் இடம்பெற்ற அவ்விளைஞனை இனியேனும் மறவாதிருப்போமாக.