எல்லை கடந்த குற்றமும் அரசின் உறுதிமொழியும்

ஓர் அரசின் காவல் அதிகாரம் அந்நாட்டின் எல்லையோடு முடிவடைகிறது. குற்றம் புரிந்தவருக்கும், அவர் ஈட்டிய பணத்திற்கும், அவருக்கு எதிரான சான்றுகளுக்கும் அத்தகைய வரம்பு இல்லை. மும்பையில் நடந்த குற்றத்தில் தேடப்படுபவர் லிஸ்பனில் வாழக்கூடும். அவருடைய பணம் மூன்றாவது நாடொன்றின் வங்கியில் இருக்கக்கூடும். இந்தியக் காவலர் எவரும் அயல்நாட்டில் ஒருவரைக் கைது செய்யவோ, ஓர் ஆவணத்தைக் கைப்பற்றவோ இயலாது. அந்நாட்டு அரசும் நீதிமன்றமும் உதவ முன்வந்தால்தான் வழக்கு நகரும். அவ்வாறு முன்வரச் செய்வது எது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

நால்வகை உதவி

ஒரு நாடு மற்றொரு நாட்டிடம் கோரும் உதவிகளை நான்காக வகுக்கலாம். அவை தகவல், சான்று, ஆள், சொத்து என்பன. ஒவ்வொன்றுக்கும் வழியும் அதிகாரியும் வேறு.

தகவல் பரிமாற்றம் பெரும்பாலும் இண்டர்போல் எனப்படும் சர்வதேச போலீஸ் அமைப்பின் வழியே நடைபெறுகிறது. 1923இல் வியன்னாவில் தோன்றிய இவ்வமைப்பின் தலைமையகம் பிரான்சின் லியோன் நகரில் உள்ளது. 196 நாடுகள் இதன் உறுப்பினர்கள். இந்தியாவின் தேசிய மையமாக மத்தியப் புலனாய்வுத் துறை (சி.பி.ஐ.) செயற்படுகிறது. மாநிலக் காவல் துறைகள் தம் கோரிக்கைகளை இம்மையத்திற்கு விரைவில் அனுப்புவதற்காக 2025 ஜனவரியில் ‘பாரத்போல்’ என்னும் இணையத்தளம் தொடங்கப்பட்டது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைக் களைவது நலம். இண்டர்போலின் சிவப்பு அறிவிப்பு ஒரு கைது ஆணை அன்று. தேடப்படும் ஒருவரைக் கண்டறிந்து, ஒப்படைப்புக்காகத் தற்காலிகமாகக் காவலில் வைக்குமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொள்ளும் வேண்டுகோளே அது. அதற்கு எந்த அளவு மதிப்பளிப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி முடிவு செய்கிறது. அரசியல், இராணுவ, சமய, இனத் தன்மை கொண்ட விவகாரங்களில் தலையிடுவதை இண்டர்போலின் சாசனத்தில் உள்ள 3ஆம் விதி தடை செய்கிறது.

சான்று தேடுவது நீதித்துறை சார்ந்த பணி. இதற்கென 1990இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 166ஏ, 166பி ஆகிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அவை 112, 113 ஆகிய பிரிவுகளாக இடம்பெற்றுள்ளன. புலனாய்வு அதிகாரி விண்ணப்பித்தால், இந்திய நீதிமன்றம் அயல்நாட்டு நீதிமன்றத்திற்கோ உரிய அதிகாரிக்கோ வேண்டுகைக் கடிதம் அனுப்பலாம். சாட்சியை விசாரிக்கவும் ஆவணத்தைப் பெறவும் அக்கடிதம் வகை செய்கிறது. பரஸ்பரச் சட்ட உதவி ஒப்பந்தம் உள்ள நாடுகளுடனான கோரிக்கைகளுக்கு உள்துறை அமைச்சகம் மைய அதிகார அமைப்பாக விளங்குகிறது.

ஆளை ஒப்படைப்பது வெளியுறவு அமைச்சகத்தின் பொறுப்பில் வருவது. ஒப்படைப்பும் நாடுகடத்தலும் ஒன்றல்ல. தன் மண்ணில் இருக்கும் உரிமையில்லாத அயல்நாட்டவரை ஓர் அரசு தன் விருப்பப்படி வெளியேற்றுவது நாடுகடத்தல். மற்றொரு நாடு முறைப்படி கோரியதன் பேரில், விசாரணைக்கோ தண்டனைக்கோ ஒருவரை அந்நாட்டின் கையில் தருவது ஒப்படைப்பு.

ஒப்படைப்பின் அடிப்படை விதிகள்

இந்தியாவில் இதற்கான சட்டம் 1962ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டம் ஆகும். 40க்கும் மேற்பட்ட நாடுகளுடன் இந்தியா ஒப்படைப்பு ஒப்பந்தங்கள் செய்துகொண்டுள்ளது. ஒப்பந்தங்களின் சொற்கள் வேறுபடினும் அடிப்படை விதிகள் பெரும்பாலும் பொதுவானவை.

முதலாவது, குறிப்பிட்ட செயல் இரு நாட்டுச் சட்டத்திலும் குற்றமாக இருத்தல் வேண்டும். இரண்டாவது, அரசியல் தன்மையுள்ள குற்றத்திற்காக ஒருவரை ஒப்படைத்தல் ஆகாது. மூன்றாவது, எக்குற்றத்திற்காக ஒருவர் ஒப்படைக்கப்பட்டாரோ அக்குற்றத்திற்காகவே அவரை விசாரிக்க வேண்டும். இந்தியச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இதனைக் கூறுகிறது. ஒப்படைப்புக்காக மெய்ப்பிக்கப்பட்ட அதே நிகழ்ச்சிகளிலிருந்து வெளிப்படும் சிறிய குற்றங்களும், ஒப்படைத்த நாடு இசைவளிக்கும் பிற குற்றங்களும் மட்டுமே இதற்கு விதிவிலக்கு.

நான்காவது விதி தண்டனையைப் பற்றியது. மரண தண்டனையை ஒழித்த நாடுகள், அத்தண்டனைக்கு உள்ளாகக்கூடியவரை ஒப்படைக்கத் தயங்குகின்றன. ஆகவே 1993இல் 34சி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. ஒப்படைக்கும் நாட்டின் சட்டத்தில் அக்குற்றத்திற்கு மரண தண்டனை இல்லையெனில், இந்தியாவிலும் அந்நபருக்கு ஆயுள் தண்டனை மட்டுமே விதிக்கப்படும் என்று அது உறுதி செய்கிறது.

போர்ச்சுகல் தந்த பாடம்

இவ்விதிகள் நடைமுறையில் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அபு சலீம் வழக்கு தெளிவாகக் காட்டும். 1993 மார்ச் 12ஆம் நாள் பம்பாயில் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 257 பேர் உயிரிழந்தனர். அவ்வழக்கில் தேடப்பட்ட அபு சலீம் 2002 செப்டம்பரில் லிஸ்பனில் பிடிபட்டார். அப்போது இந்தியாவுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே ஒப்படைப்பு ஒப்பந்தம் ஏதும் இல்லை. அது 2007இல்தான் கையெழுத்தாயிற்று. எனவே 2002 டிசம்பர் 13ஆம் நாள் அறிவிக்கை ஒன்றின் மூலம் இந்திய ஒப்படைப்புச் சட்டம் போர்ச்சுகலுக்கும் பொருந்துமாறு செய்யப்பட்டது.

தடை வேறொன்றும் இருந்தது. போர்ச்சுகல் சாதாரணக் குற்றங்களுக்கான மரண தண்டனையை 1867லேயே ஒழித்த நாடு. ஆயுள் தண்டனையும் அங்கு இல்லை. மிக உயர்ந்த சிறைத் தண்டனை 25 ஆண்டுகளாகும். ஆகவே 2002 டிசம்பர் 17 அன்று இந்திய அரசின் சார்பில் அப்போதைய துணைப் பிரதமர் எல்.கே. அத்வானி எழுத்து மூலம் ஓர் உறுதிமொழி அளித்தார். மரண தண்டனையோ 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறையோ அந்நபருக்கு விதிக்கப்படமாட்டாது என்பதே அதன் சாரம். போர்ச்சுகல் நீதிமன்றங்கள் பல நிலைகளில் ஆராய்ந்து இசைந்தபின், 2005 நவம்பரில் அவர் ஒப்படைக்கப்பட்டார்.

சிக்கல் இதன் பின்னரே எழுந்தது. ஒப்படைப்புக் கோரிக்கையில் இல்லாத சில குற்றச்சாட்டுகள் இந்தியாவில் சேர்க்கப்பட்டன. அவை முன்னர்க் கூறிய விதிவிலக்கினுள் அடங்கும் என 2010இல் இந்திய உச்ச நீதிமன்றம் கருதியது. ஆனால் 2011இல் லிஸ்பன் நீதிமன்றம், ஒப்படைப்பின் நிபந்தனை மீறப்பட்டது என்று கூறிற்று. இறுதியில் 2013இல், அக்குற்றச்சாட்டுகளுள் சிலவற்றை விலக்கிக்கொள்ள மத்தியப் புலனாய்வுத் துறை உச்ச நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்றது. அயல்நாட்டுடன் கொண்ட நல்லுறவும் அளித்த வாக்கும், சில கூடுதல் குற்றச்சாட்டுகளைவிடப் பெரிதெனக் கொள்ளப்பட்டன.

அடுத்து எழுந்தது தண்டனை பற்றிய வினா. 2015இல் ஒரு கொலை வழக்கிலும், 2017இல் குண்டுவெடிப்பு வழக்கிலும் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நிருவாகத் துறை அளித்த வாக்கு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துமா? 2022 ஜூலை 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இதற்கு விடையளித்தது. தண்டனை விதிக்கும் நீதிமன்றத்தை அவ்வாக்கு கட்டுப்படுத்தாது. ஆனால் வாக்களித்த அரசை அது கட்டுப்படுத்தும். 2005 அக்டோபர் 12 முதல் கணக்கிட்டு 25 ஆண்டுகள் நிறைவடைந்ததும், அரசியலமைப்பின் 72ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவருக்கு மத்திய அரசு ஆலோசனை கூறி, வாக்கினை நிறைவேற்ற வேண்டும் என்பது தீர்ப்பு. அதிகாரப் பிரிவினையும் அரசின் வாக்கும் ஒன்றையொன்று அழிக்காமல் நிற்கும் வழி இவ்வாறு காணப்பட்டது.

நம்பிக்கை பிறவாதபோது

வாக்களித்த மாத்திரத்தில் எல்லா நாடுகளும் இசைவதில்லை. 1995 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் விமானத்திலிருந்து ஆயுதங்கள் வீசப்பட்டன. இவ்வழக்கில் தேடப்படும் டென்மார்க் குடிமகன் ஒருவரை ஒப்படைக்க அந்நாட்டு அரசு 2010இல் நிபந்தனைகளுடன் இசைந்தது. ஆயினும் 2011இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இந்தியக் காவலில் அவர் துன்புறுத்தப்படக்கூடும் என்னும் அச்சமே காரணமாகக் கூறப்பட்டது. கூடுதல் உறுதிமொழிகளுடன் இந்தியா மீண்டும் முயன்றபோதும், 2024 ஆகஸ்டில் டென்மார்க் நீதிமன்றம் கோரிக்கையை மறுத்தது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2000ஆம் ஆண்டின் கிரிக்கெட் சூதாட்ட வழக்கில் தேடப்பட்ட ஒருவரை, டில்லி திகார் சிறையின் நிலையைக் காரணம் காட்டி ஒப்படைக்க இயலாதென 2017இல் லண்டன் நீதிமன்றம் கூறியது. சிறையில் அவருக்குக் கிடைக்கும் இடவசதி, பாதுகாப்பு, மருத்துவ வசதி ஆகியவற்றைப் பற்றி இந்தியா விவரமான உறுதிமொழிகளை அளித்தபின், மேல் நீதிமன்றம் நிலையை மாற்றியது. 2020 பிப்ரவரியில் அவர் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். பொதுப்படையான வாக்கைவிட, சரிபார்க்கத்தக்க விவரங்கள் கொண்ட வாக்கே பயன் தந்தது.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையொப்பமிட்டது. ஆயினும் ஏற்புறுதி செய்யவில்லை. ஏற்புறுதி செய்வதாயின் அதற்கேற்பத் தனிச் சட்டம் இயற்ற வேண்டும் என்று சட்ட ஆணையம் 2017இல் தன் 273ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அயல்நாடுகளில் இந்தியாவின் ஒப்படைப்புக் கோரிக்கைகள் சந்திக்கும் தடைகளையும் அவ்வறிக்கை சுட்டுகிறது. ஒரு காவல் நிலையத்தில் நிகழும் அத்துமீறல், பல ஆண்டுகளுக்குப் பின் வேறொரு வழக்கில் நாட்டுக்கு எதிரான சான்றாக நிற்கக்கூடும்.

சொத்தை மீட்டல்

ஆளைப் பிடிப்பதினும் பணத்தைப் பிடிப்பது கடினம். பணம் சில நொடிகளில் எல்லை கடக்கிறது. வேண்டுகைக் கடிதம் சென்று மீள மாதங்களும் ஆண்டுகளும் ஆகின்றன. இவ்விடைவெளியே பொருளாதாரக் குற்றத்தின் ஆதாயம் எனலாம். வங்கிக் கடன் திரும்பி வராதபோது அதன் சுமை வைப்பாளர் மீதும், மூலதனம் அளிக்கும் அரசின் வாயிலாக வரி செலுத்துவோர் மீதும் விழுகிறது.

பணமோசடித் தடுப்புச் சட்டம் 2005 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அயல்நாட்டுடன் சொத்து முடக்கத்தில் ஒத்துழைக்க அதன் ஒன்பதாம் அத்தியாயம் வழிவகுக்கிறது. 2018ஆம் ஆண்டின் தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளிகள் சட்டம், 100 கோடி ரூபாய்க்குக் குறையாத குற்றங்களில், விசாரணைக்கு அஞ்சி வெளிநாட்டில் தங்கியிருப்போரின் சொத்தைப் பறிமுதல் செய்ய வகை செய்கிறது. ஊழலுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையையும், நாடு கடந்த அமைப்புவழிக் குற்றங்களுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையையும் இந்தியா 2011இல் ஏற்புறுதி செய்தது. இருப்பினும் அயல்நாட்டிலுள்ள சொத்து அந்நாட்டு நீதிமன்றத்தின் ஆணையாலேயே மீளும்.

நிருவாகத்திற்குரிய படிப்பினை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. ஒப்படைப்புக் கோரிக்கையின் வெற்றி பெரும்பாலும் அதன் முதல் வரைவிலேயே அடங்கியுள்ளது. இன்ன நாளில், இன்ன செயலை, இன்னார் செய்தார் என்பதைச் சான்றுடன் காட்டும் கோரிக்கை நிலைக்கும். முதல் தகவல் அறிக்கையைச் சுருக்கி மொழிபெயர்த்து அனுப்புவது போதாது. தொடர வேண்டிய குற்றச்சாட்டுகள் அனைத்தையும் தொடக்கத்திலேயே சேர்த்தல் வேண்டும். பின்னர்ச் சேர்ப்பதன் விளைவைப் போர்ச்சுகல் வழக்கு காட்டிற்று. நிறைவேற்ற இயலாத உறுதிமொழியை அளிக்கலாகாது. அளித்தபின், அதனைச் சிறை அதிகாரி வரை அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். அயல்நாட்டின் கோரிக்கை இந்தியாவுக்கு வரும்போது அதே விரைவும் கவனமும் காட்டப்படுதல் வேண்டும். பரஸ்பரம் என்னும் சொல்லின் பொருள் அதுவே.

2030 அக்டோபரில் அந்த 25 ஆண்டுகள் நிறைவுறும். 1993இல் உற்றாரை இழந்த குடும்பங்களுக்கு அந்நாள் எளிதாக இராது. 257 உயிர்களுக்கு 25 ஆண்டுகள் ஈடாகுமா என்னும் அவர்களுடைய கேள்வி நியாயமானது. ஆயினும் அவ்வுறுதிமொழி அளிக்கப்படாதிருந்தால் அந்நபர் இந்திய நீதிமன்றத்தின் முன் நின்றிருக்கவே மாட்டார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அடுத்த கோரிக்கையை ஏந்தி இந்திய அதிகாரி ஒருவர் அயல்நாட்டு நீதிமன்றத்தில் நிற்கும்போது, சென்ற முறை அளித்த வாக்கு என்ன ஆயிற்று என்பதே அங்கு எழும் முதல் கேள்வியாக இருக்கும்.