நண்பனைப் பார்க்கப் போகலாமா?

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன். கண்ணன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இரத்தப் புற்றுநோய்க்காக மருத்துவமனையில் பல வாரங்கள் தங்கிவிட்டு இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறான். சிகிச்சை முடிந்துவிடவில்லை. குறித்த நாள்களில் மருத்துவமனைக்குச் சென்று மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறான்.

அவனுடைய நெருங்கிய நண்பன் சேகர். ஞாயிற்றுக்கிழமை கண்ணனைப் பார்க்கப் புறப்படுகிறான். அன்று காலையில் இரண்டு தும்மல், சற்றே மூக்கொழுகல். "வெறும் ஜலதோஷம்தானே, போனால் என்ன?" என்கிறது ஒரு மனம். "போகாவிட்டால் கண்ணன் வருந்துவானே!" என்கிறது மற்றொரு மனம்.

சேகர் போகலாமா? கண்ணன்தான் அவனை உள்ளே அழைக்கலாமா?

"யாரும் போகக்கூடாது, யாரும் வரக்கூடாது" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் கூட நீடிப்பதுண்டு. அத்தனை காலமும் பதினைந்து வயதுப் பையன் நண்பர் முகம் காணாமல் இருக்க முடியுமா? இதைப் படிக்கும் உங்களில் ஒருவர் கண்ணனாக இருக்கலாம். பலர் சேகராக இருக்கலாம். இருவரும் அறியவேண்டிய செய்திகளில் பாதி மருத்துவத்தில் உள்ளது. மீதிப் பாதி உங்கள் இயற்பியல் பாடத்திலேயே உள்ளது!

காவலர் குறைந்த கோட்டை

நல்ல உடல்நலம் உள்ளவரின் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்கள் உண்டு. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை நியூட்ரோஃபில்கள். பாக்டீரியாவையும் பூஞ்சையையும் விழுங்கி அழிப்பது இவற்றின் வேலை. வைரஸ்களை எதிர்ப்பதில் முன்னிற்பவை லிம்ஃபோசைட்டுகள்.

புற்றுநோய் மருந்துகள் விரைந்து பெருகும் செல்களைத் தாக்குகின்றன. எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்களை உண்டாக்கும் செல்களும் விரைந்து பெருகுபவையே. எனவே அவையும் அடிபடுகின்றன. பல மருந்துகளில், மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாள்களுக்குள் நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை மிகவும் தாழ்ந்து, பிறகு மெல்ல ஏறுகிறது. கன மில்லிமீட்டருக்கு 500-க்குக் கீழே போனால் அது கடுமையான குறைவு. ஆகவே கண்ணனுக்கு எல்லா நாளும் ஒரே நாள் அல்ல. "இந்த வாரம் எண்ணிக்கை எவ்வளவு?" என்று அவன் மருத்துவரிடம் கேட்டறிவது பயனுள்ளது.

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்பவர்கள், பிறவியிலேயே நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்கள் ஆகியோரும் கண்ணனைப் போன்றவர்களே. சேகரை இரண்டு நாள் தும்ம வைத்துவிட்டுப் போகும் வைரஸ், இவர்களிடம் வாரக்கணக்கில் தங்கி நுரையீரல்வரை இறங்கலாம். சின்னம்மை உயிருக்கே ஆபத்தாகலாம்.

திரைக்குள் வளர்ந்த சிறுவன்

அப்படியானால் முற்றிலும் பிரித்து வைத்துவிட்டால் என்ன? அதுவும் ஒருமுறை செய்து பார்க்கப்பட்டது. 1971-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டேவிட் வெட்டர் என்ற குழந்தை, நோய் எதிர்ப்பு ஆற்றல் அறவே இல்லாமல் பிறந்தது. பிறந்த சில நொடிகளிலேயே கிருமி நீக்கிய பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் அவனை வைத்தார்கள். உணவு, நீர், பொம்மை யாவும் கிருமி நீக்கப்பட்ட பிறகே உள்ளே சென்றன. பெற்ற தாய்கூடக் கையுறை வழியாகவே அவனைத் தொட முடிந்தது. 1977-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, அவன் வெளியே நடந்து வருவதற்கென்று தனியான உடை ஒன்றைச் செய்து தந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப்பின், 1984-இல், பன்னிரண்டாம் வயதில் அவன் மறைந்தான்.

அந்தத் திரை கிருமிகளைத் தடுத்தது, மனிதரையும் தடுத்தது. கண்ணனுக்கு அத்தகைய திரை வேண்டியதில்லை. அவனிடம் எதிர்ப்பு ஆற்றல் குறைந்திருக்கிறதேயன்றி இல்லாமற் போய்விடவில்லை. நண்பர்கள் வரட்டும், கிருமிகள் வரவேண்டாம் என்பதே நமது கணக்கு. அதற்குக் கிருமிகள் எப்படி வருகின்றன என்று தெரியவேண்டும்.

தும்மலில் ஸ்டோக்ஸ் விதி

தும்மும்போதும் இருமும்போதும், ஏன், பேசும்போதும்கூட நம் வாயிலிருந்து நீர்த்துளிகள் தெறிக்கின்றன. அவை பல அளவினவை. பெரிய துளிகளின் விட்டம் 100 மைக்ரானுக்கும் மேல். சிறியவை 1 மைக்ரானுக்கும் கீழ். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.)

காற்றில் விழும் சிறு துளி சிறிது நேரத்தில் மாறாத வேகத்தை அடைகிறது. அதுவே முற்றுத் திசைவேகம். ஸ்டோக்ஸ் விதிப்படி இது துளியின் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதாவது விட்டம் பத்தில் ஒரு பங்கானால், வேகம் நூறில் ஒரு பங்காகும். நீரின் அடர்த்தியையும் காற்றின் பாகியல் எண்ணையும் இட்டுக் கணக்கிடுங்கள். அசைவற்ற காற்றில், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட ஆகும் நேரம் ஏறத்தாழ இவ்வளவு:

100 மைக்ரான் துளி: 5 வினாடி
10 மைக்ரான் துளி: 8 நிமிடம்
1 மைக்ரான் துளி: 14 மணி

வியப்பாக இல்லையா? பெரிய துளி கல்லைப் போல் விழுகிறது. நுண்துளி புகையைப் போல் மிதக்கிறது. 1934-இல் வெல்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி இன்னொன்றையும் எடுத்துக்காட்டினார். சிறிய துளிகள் தரையைச் சேருமுன்பே அவற்றின் நீர் ஆவியாகிவிடுகிறது. எஞ்சிய உலர்ந்த நுண்துகள் கிருமியைச் சுமந்துகொண்டு காற்றிலேயே திரிகிறது.

இதை மெய்ப்பித்த சோதனையும் சுவையானது. 1950-களின் பிற்பகுதியில், பால்டிமோர் நகரில் ஒரு காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாக, கினிப்பன்றிகள் இருந்த அறைக்குள் வெல்சும் ரைலியும் செலுத்தினார்கள். அந்த விலங்குகள் நோயாளிகளின் அருகே சென்றதே இல்லை. ஆயினும் அவற்றுள் சில காசநோய்க்கு ஆளாயின. புற ஊதா ஒளி பாய்ச்சிய காற்றைச் சுவாசித்த மற்றொரு கூட்டத்துக்கு நோய் வரவில்லை. குற்றவாளி காற்றே என்பது ஐயமற விளங்கிற்று.

இதிலிருந்து கண்ணனுக்கு இரண்டு பாடங்கள். ஒன்று: இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்தால் பெரிய துளிகள் பெரும்பாலும் அவனை எட்டா. இரண்டு: மூடிய அறையில் தூரம் மட்டும் போதாது. தட்டம்மைக் கிருமி, நோயாளி அறையை விட்டுச் சென்ற பிறகும் இரண்டு மணி நேரம்வரை காற்றில் தங்கியிருந்து தொற்றக்கூடும்.

சன்னலைத் திறவுங்கள்

மிதப்பவற்றை என்ன செய்வது? வெளியே அனுப்புவதுதான் வழி. ஓர் அறையின் கன அளவுக்குச் சமமான புதுக் காற்று ஒரு மணியில் ஆறு முறை உள்ளே வருவதாகக் கொள்வோம். பத்து நிமிடத்தில் பழைய காற்று முழுவதும் போய்விடுமா? போகாது. புதுக் காற்று பழையதோடு கலந்துகொண்டே வருவதால், பத்து நிமிடத்தின் முடிவில் துகள்களில் 37 விழுக்காடு மிஞ்சும். இருபது நிமிடத்தில் 14 விழுக்காடு. அரை மணியில் 5 விழுக்காடு. கதிரியக்கச் சிதைவுக்கு நீங்கள் படித்த அதே அடுக்குக்குறி விதி! இதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 7 நிமிடம்.

சன்னல்களைச் சாத்திவிட்டால் மணிக்கு ஒரு முறைதான் காற்று மாறுகிறது என்று கொள்ளுங்கள். அரை மணிக்குப் பின்னும் 61 விழுக்காடு அறையிலேயே இருக்கும்.

இங்கே ஒரு பொதுவான தவற்றைச் சுட்டவேண்டும். மூடிய அறையில் சுழலும் மின்விசிறி காற்றைக் கலக்குமேயன்றி மாற்றாது. வீடுகளில் மாட்டும் சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியும் அறைக் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. எதிரெதிர்ச் சன்னல்களையும் கதவையும் திறந்து வைத்து விசிறியைப் போடுங்கள். அப்போது பயன் உண்டு. மேசை விசிறியாக இருந்தால், வந்தவர் பக்கமிருந்து கண்ணனை நோக்கி வீசும்படி வைக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் சிறந்தது திறந்த வெளி. திண்ணை, மொட்டை மாடி, முற்றத்து மரநிழல் ஆகியவை நல்ல இடங்கள். கட்டட வேலை நடக்கும் இடமும் மண்ணைக் கிளறும் இடமும் வேண்டாம். அந்தத் தூசியில் பூஞ்சையின் வித்துக்கள் இருக்கும்.

ஒரு பெருக்கல் கணக்கு

ஓய்வாக இருக்கும்போது நாம் நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டர்வரை காற்றைச் சுவாசிக்கிறோம். உள்ளே போகும் துகள்களின் அளவு என்ன? காற்றில் அவற்றின் செறிவு, சுவாசிக்கும் காற்றின் அளவு, இருக்கும் நேரம் ஆகிய மூன்றின் பெருக்கல் தொகை.

பெருக்கலில் ஒரு நன்மை உண்டு. சன்னலைத் திறந்து செறிவைப் பாதியாக்குங்கள். இரண்டு மணி அரட்டையை ஒரு மணியாக்குங்கள். முகக்கவசம் மீதியில் பாதியைத் தடுக்கட்டும். தனித்தனியே ஒவ்வொன்றும் பாதிதான். மூன்றும் சேர்ந்தால் எட்டில் ஒரு பங்கு! எந்த ஒரு தடுப்பும் முழுமையானதல்ல. பல அரைகுறைத் தடுப்புகளை அடுக்கிவைத்தால் வலுவான தடுப்பு கிடைக்கிறது.

முகக்கவசத்தை யார் அணிவது? இருவருமே. வாயை விட்டுக் கிளம்பும்போது துளிகள் பெரியவை, பிடிப்பது எளிது. அவை உலர்ந்து சிறுத்த பிறகு பிடிப்பது கடினம். எனவே வந்தவர் அணிவது மூலத்திலேயே தடுப்பதாகும். கண்ணன் அணிவதானால், முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்-95 வகை நல்லது. பக்கவாட்டில் இடைவெளி விடும் கவசத்தில் காற்று அந்த வழியாகவே நுழைந்துவிடும்.

கைகளையும் மறக்கவேண்டாம். மூக்கைத் தொட்ட கை கதவைத் தொடும். கதவைத் தொட்ட கை நண்பனின் கையைத் தொடும். சோப்பின் மூலக்கூறு ஒரு முனையில் கொழுப்பையும் மறு முனையில் நீரையும் பற்றும். ஃபுளூ, கொரோனா போன்ற வைரஸ்களின் கொழுப்பு உறையை அது பிளந்துவிடுகிறது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரசுக்கு அந்த உறை இல்லை. அதனிடம் ஆல்கஹால் களிம்பு அதிகம் பலிக்காது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 20 வினாடி தேய்த்துக் கழுவுவதே வழி.

சேகருக்கும் கண்ணனுக்கும்

இனி முதல் கேள்விக்கு வருவோம். சேகர் இன்று போகக்கூடாது. தும்மல், இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, உடம்பில் கொப்புளம் இவற்றுள் எது இருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடவேண்டும். தொலைபேசியில் பேசலாம், பாடக் குறிப்புகளைப் படம் எடுத்து அனுப்பலாம். உடல் முற்றிலும் தேறிய பிறகு, கண்ணன் வீட்டாரைக் கேட்டுக்கொண்டு போகலாம்.

தேறிய பிறகும் ஏன் சன்னலும் கவசமும்? ஃபுளூ அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்குகிறது. சின்னம்மை, கொப்புளம் எழும்புவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவுகிறது. நலமாகத் தோன்றும் நண்பனும் கிருமியைச் சுமந்து வரலாம். தடுப்பூசிகளைக் குறைவின்றிப் போட்டுக்கொள்வது சேகர் தன் நண்பனுக்குச் செய்யும் உதவி. கண்ணனுக்குச் சில தடுப்பூசிகள் ஆகா; அவற்றை மருத்துவரே முடிவு செய்வார்.

கண்ணனுக்கும் ஒரு கடமை உண்டு. "உனக்கு ஜலதோஷம் இருக்கிறதா?" என்று கேட்கக் கூச்சப்படக்கூடாது. "இன்று வேண்டாம், அடுத்த வாரம் வா" என்று சொல்வது நண்பனை அவமதிப்பதாகாது.

இரண்டு செய்திகளை இருவரும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சின்னம்மையோ தட்டம்மையோ வந்தவரோடு கண்ணன் ஒரே அறையில் இருந்துவிட்டதாகத் தெரிந்தால், அன்றே மருத்துவரிடம் சொல்லவேண்டும். நோய் தோன்றுமுன் தரக்கூடிய சிகிச்சை உண்டு; ஆனால் அதற்கு நாள் கணக்கு இருக்கிறது. "நான்தான் கொடுத்துவிட்டேனோ" என்று அஞ்சிச் சேகர் மறைத்துவிட்டால், அந்த நாள்கள் வீணாகிவிடும். அடுத்து, கண்ணனுக்கு 38 டிகிரி செல்சியஸ் (100.4 டிகிரி ஃபாரன்ஹீட்) காய்ச்சல் கண்டால், காலைவரை பொறுத்துப் பார்க்காமல், மாத்திரையால் காய்ச்சலை அடக்கி வைக்காமல், உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அப்படி வரும் காய்ச்சல்களில் பல, அவனுடைய குடலிலும் தோலிலும் எப்போதும் வாழும் பாக்டீரியாக்களாலேயே உண்டாகின்றன. ஆகவே யார்மீதும் பழி தேடவேண்டியதில்லை, விரைவே முக்கியம்.

ஆக, அடுத்த ஞாயிறோ அதற்கடுத்த ஞாயிறோ, சேகர் திண்ணையில் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, ஒரு மணி நேரம் பேசிவிட்டு வரட்டும். கண்ணனுக்கு அந்த ஒரு மணி நேரமும் மருந்துதான்.

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, உங்கள் அறையில் ஓர் ஊதுவத்தியை ஒரு நிமிடம் கொளுத்தி அணைத்துவிடுங்கள். சன்னலைச் சாத்தி வைத்து, மணம் மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறியுங்கள். மறுநாள் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். மூன்றாம் நாள் சன்னலைச் சாத்தி மின்விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். மூன்று நேரங்களையும் ஒப்பிடுங்கள். (மூச்சுத் தொல்லை உள்ளவர் இருக்கும் வீட்டில் இதைச் செய்யவேண்டாம்.)

விடை காணுங்கள்

1. 20 மைக்ரான் துளி ஒன்றரை மீட்டர் விழ எவ்வளவு நேரம் ஆகும்?
2. மணிக்கு மூன்று முறை காற்று மாறும் அறையில், துகள்கள் பாதியாக எவ்வளவு நேரம் ஆகும்?

(விடைகள்: 1. ஏறத்தாழ 125 வினாடி. 2. ஏறத்தாழ 14 நிமிடம்.)