சண்டைச் சீட்டு விழுந்தால் எப்படிப் படிப்பது?

டாரட் விரிப்பில் ஃபைவ் ஆஃப் வாண்ட்ஸ், அதாவது கோல் ஐந்து, விழுந்ததும் “சண்டை வரப்போகிறது” என்று சொல்லிவிடுபவர்கள் அதிகம். கேட்க வந்தவர் கலங்கிப்போய் எழுந்து போகிறார். அந்தச் சீட்டுக்கு இது பெரிய அநியாயம். நிதானமாகப் பார்த்தால், ஒரு சச்சரவு எந்த இடத்தில் சிக்கி நிற்கிறது என்று யோசிக்க இதைவிட நல்ல படம் டாரட் சீட்டுக்கட்டில் இல்லை.

நான் சொல்வது 1909இல் லண்டனில் வெளிவந்த ரைடர் கட்டைப் பற்றி. ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. இன்று கிடைக்கும் பல கட்டுகள் அதன் வழியில் வந்தவைதான்.

முதலில் கையேட்டை மூடிவிட்டுப் படத்தைப் பாருங்கள். ஐந்து இளைஞர்கள் நீண்ட கோல்களை ஓங்கி நிற்கிறார்கள். யாரும் விழுந்து கிடக்கவில்லை, ரத்தம் இல்லை. சிலம்பப் பயிற்சியைத் தூரத்தில் நின்று பார்ப்பது போல இருக்கும். வெயிட்டும் தம் புத்தகத்தில் இதைப் போலிச் சண்டை என்றே சொல்கிறார். செல்வத்தைத் தேடி மோதும் கடும் போட்டி என்ற பொருளையும் சேர்க்கிறார். இப்போது உடைகளைக் கவனியுங்கள். ஐவருக்கும் வேறு வேறு உடை. எதிரெதிராக இரண்டு அணிகள் இல்லை, ஆளுக்கொரு பக்கம். என் வாசிப்பில் இந்தச் சீட்டின் உயிரே இதுதான்.

அடுத்து, கட்டிலிருந்து கோல் நான்கையும் ஆறையும் எடுத்து இதன் இருபுறமும் வையுங்கள். நான்கில் கோல்கள் மண்ணில் ஊன்றி நிற்கின்றன, மேலே மாலை தொங்குகிறது. ஆறில் வெற்றி மாலையோடு ஒருவர் குதிரையில் வருகிறார். ஊன்றியிருந்த கோல்களைப் பிடுங்கிக் கையில் எடுத்த நேரம்தான் ஐந்து: பழைய ஏற்பாடு கலைந்துவிட்டது, புதியது இன்னும் அமையவில்லை. கோல் வரிசை நெருப்புக்கு உரியது. ஊக்கம், தொழில், லட்சியம் எல்லாம் அதில் அடங்கும். ஆகவே இங்கே மோதுவது பெரும்பாலும் வெறுப்பு அல்ல, ஆர்வம்.

வாள் ஐந்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் ஒருவன் வாள்களைப் பொறுக்கிக்கொண்டு இளக்காரமாகப் பார்க்கிறான். தோற்ற இருவர் விலகிப் போகிறார்கள். அங்கே சண்டை முடிந்து மனக்காயம் மிஞ்சியிருக்கிறது. கோல் ஐந்தில் இன்னும் பேச இடமிருக்கிறது.

பிறகு கேள்வியைத் திருத்துங்கள். “யார் ஜெயிப்பார்?” என்று கேட்டால் இந்தச் சீட்டில் பதில் கிடைக்காது, படத்தில் வென்றவரே இல்லை. “எதற்காக மோதுகிறோம்?” என்று கேளுங்கள். அலுவலகத்தில் புதுத் திட்டம் ஒன்று வாக்குவாதத்தில் இழுபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குத் தரம் முக்கியம், ஒருவருக்குக் கெடு, இன்னொருவருக்குத் தன் பெயர் வெளியே தெரிய வேண்டும். ஐந்து கோல்களுக்கும் ஒவ்வொருவரின் தேவையை எழுதிப் பாருங்கள். ஒரு கோல் கட்டாயம் உங்களுடையது. அதை விட்டுவிட்டு எழுதினால் வாசிப்பு வெறும் புகார்ப் பட்டியலாகிவிடும்.

தலைகீழாக விழுந்தால்? வெயிட் வழக்கு, தகராறு, தந்திரம் என்கிறார். இக்காலத்தவர் பலர் மோதல் தணிவதாகவோ உள்ளுக்குள் அமுக்கப்படுவதாகவோ கொள்கிறார்கள். பக்கத்துச் சீட்டைப் பார்த்துத்தான் முடிவுசெய்வேன். கோப்பை இரண்டு இருந்தால் சமாதானத்தின் பக்கம் சாய்வேன். தராசு ஏந்திய நீதிச் சீட்டு இருந்தால் பேசியதை எழுத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

கடைசியில் வாசிப்பை ஒரே வாக்கியமாக்குங்கள், அதில் ஒரு செயல் இருக்கட்டும்: “வெள்ளிக்கிழமைக்குள் யார் எதைப் பார்ப்பது என்று பேசி முடிக்கிறேன்.” அதைச் செய்து முடிக்கும்வரை அதே கேள்விக்கு இன்னொரு சீட்டு எடுக்காதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாகப் பிறந்தது. குறிபார்க்கும் பழக்கம் பரவியது 18ஆம் நூற்றாண்டில்தான். யோசிக்க உதவும், தீர்ப்புச் சொல்லாது. கேட்பவர் வீட்டில் அடி உதை நடக்கிறது என்று தெரிந்தால் சீட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, பெண்களுக்கான 181 உதவி எண்ணை அவரிடம் கொடுங்கள்.