செங்கலடிச் சந்தியும் சிகாகோவும்



சிகாகோ வளர்ந்த கதையைப் படித்துவிட்டு, எங்கட பக்கத்து ஊர்களுக்கும் இப்படியொரு வரலாறு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடியைப் பாருங்கள்.

1837இல் நகரமாகும்போது சிகாகோவில் சில ஆயிரம் பேர்தான். 1890இல் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். 1848இல் கால்வாயும் ரயிலும் வந்ததும், சுற்றியிருந்த சமவெளியின் தானியமெல்லாம் அங்கே வந்து குவிந்தது. செங்கலடி அளவில் சிறியது. ஆனால் அதையும் வளர்த்தது வயல்தான். பேராதனையிலிருந்து பதுளை, பிபிலை, மகாஓயா, கரடியனாறு என்று வருகிற ஏ5 வீதி, திருகோணமலை வீதியில் வந்து முட்டுகிற இடம் இந்தச் சந்தி. உள்ளேயிருந்து நெல்லும் தயிரும் வரும். இங்கிருந்து உரமும் சீமெந்தும் போகும். கடை, மில், வங்கி எல்லாம் இந்தப் போக்குவரத்தை நம்பி எழுந்தவை.

அந்தப் போக்குவரத்தைப் போர் அறுத்தது. ஊரை ஒட்டிய கறுத்தப்பாலத்துக்கு இப்பால் இராணுவம், அப்பால் புலிகள். உர மூடைக்கும் சீமெந்துக்கும் கட்டுப்பாடு. 1990 ஆகஸ்டில் பக்கத்து ஏறாவூரில் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 5ஆம் தேதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர்களில் 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். ஒரே சந்தையில் வாங்கி விற்ற சனங்கள் ஒருவரையொருவர் அஞ்சத் தொடங்கினார்கள். செங்கலடியின் பொருளாதாரத்தை யார் எழுதினாலும் இந்த இரண்டு சம்பவங்களையும் சேர்த்தே எழுத வேண்டும். அன்று அறுந்த நம்பிக்கையும் வியாபாரத்தின் முதல்தான்.

2007க்குப் பிறகு பாதை திறந்தது, சந்தி மளமளவென்று வளர்ந்தது. அந்த வீதியின் வேலைக்கென்று கரடியனாறு பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்த வெடிமருந்து 2010 செப்டெம்பரில் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இன்று காப்பெற் போட்ட வீதியில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது நினைவிருக்கும்?

வேளாண்மை வெட்டுக் காலத்தில் வந்து பாருங்கள். வியாபாரி மூடையிலிருந்து ஒரு பிடி நெல்லை அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, இரண்டு மணியைப் பல்லில் கடித்து, "ஈரம்" என்பார். விலை அத்தோடு இறங்கிவிடும். உரக்கடைக் கடனும் நுண்கடன் தவணையும் கழுத்தை நெரிக்க, காயவைக்கத் தளமுமில்லாத விவசாயி எப்படிக் காத்திருப்பார்? 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோதும் அடி முதலில் விழுந்தது அவர் தலையில்தான்.

சிகாகோவிலும் களஞ்சிய முதலாளிகள் வைத்ததே சட்டமாக இருந்தது. விவசாயிகள் திரண்டார்கள். 1871இல் இலினோய் மாநிலம் களஞ்சியக் கட்டணத்துக்கு உச்சவரம்பு போட்டது. 1877இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. நகரம் அதனால் நொடித்துப்போகவில்லை.

நாங்களும் கேட்போம். வெட்டுத் தொடங்குமுன்பே நெல் சந்தைப்படுத்தும் சபையின் களஞ்சியங்கள் திறக்க வேண்டும். வட்டைக்கு வட்டை காயவைக்கும் தளம் வேண்டும். உங்கள் கமக்கார அமைப்பின் அடுத்த கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுங்கள்.

அன்புடன்,
செங்கலடியிலிருந்து