இரண்டு கட்டமா, ஏழு கட்டமா?

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் சதுரங்கப் பயிற்சி நடத்துகிறேன். முன்னேறும் சிப்பாயைத் தடுப்பது பற்றி மாணவர்களுக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்திருந்தேன்: "சிப்பாய் போகும் வழியில் ஒரு கட்டத்தையாவது மந்திரி காவல் காக்கட்டும். சிப்பாய் அங்கே வந்ததும் வெட்டிவிடு. மந்திரியை இழந்தாலும் ஆட்டம் சமன்தான்."

வட்டாரப் போட்டியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு இந்த நிலை வந்தது.

வெள்ளை: ராஜா சி6, சிப்பாய் ஏ6.
கறுப்பு: ராஜா எச்4, மந்திரி பி8.

கறுப்பு நகர்த்த வேண்டிய முறை. மந்திரி ஏ7 கட்டத்தைக் காவல் காக்கிறது. நான் சொன்ன விதிப்படி எல்லாம் சரியாக இருப்பதால், அவள் ராஜாவை ஜி5-க்கு நகர்த்தினாள். வெள்ளை ராஜா பி7-க்கு வந்து மந்திரியைத் தாக்கியது. மந்திரி ஏ7-க்குப் போனால் ராஜா வெட்டிவிடும். வேறெங்கு போனாலும் சிப்பாய் ஏ7 வழியாக ராணியாகிவிடும். அவள் தோற்றாள். "நீங்க சொன்ன மாதிரிதானே சார் வெச்சிருந்தேன்?" என்று கேட்டாள். தவறு அவளுடையதல்ல, என் விதி பாதிதான்.

மறுவாரம் அதே நிலையைப் பலகையில் வைத்து இரண்டு செயல்பாடுகள் செய்தோம்.

செயல்பாடு 1: எண்ணுதல். ஏ7 வழியாகச் செல்லும் மூலைவிட்டங்களில் உள்ள கட்டங்களை மாணவர்கள் விரல் வைத்து எண்ணினர். ஏ7, பி8: இரண்டே கட்டங்கள். ஏ7 முதல் ஜி1 வரை: ஏழு கட்டங்கள். குறுகிய பாதையில் நிற்கும் மந்திரியை ராஜா விரட்டினால் ஒதுங்க இடமில்லை. நீண்ட பாதையில் இருந்தால், தள்ளிப்போய் நின்றும் காவலைத் தொடரலாம்.

செயல்பாடு 2: காப்பாற்றும் நகர்த்தலைத் தேடுதல். இணை இணையாக அமர்ந்து கறுப்புக்காக ஆடச் சொன்னேன். சிறிது நேரத்தில் ஒரு குழு கண்டுபிடித்தது: மந்திரி ஏ7! சிப்பாயின் முன்னாலேயே போய் நிற்கிறது. வெள்ளை ராஜா பி7-க்கு வந்து தாக்கினால், மந்திரி நீண்ட பாதையில் ஈ3-க்கு விலகுகிறது. சிப்பாய் ஏ7-க்கு வந்தால் மந்திரி வெட்டும். ராஜா திருப்பி வெட்டினாலும் பலகையில் இரு ராஜாக்கள் மட்டுமே. ஆட்டம் சமன்.

இதே நிலையில் வெள்ளையின் முறையாக இருந்தால்? ராஜா உடனே பி7, வெள்ளைக்கே வெற்றி. ஒரு நகர்த்தலின் மதிப்பை மாணவர்கள் தாங்களே உணர்ந்தனர்.

இருபுறமும் ஒரே நிறக் கட்டங்களில் செல்லும் மந்திரிகள் உள்ள இறுதியாட்டங்களை 19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்தவர் இத்தாலியரான லூயிஜி செண்டுரினி. அங்கும் மூலைவிட்டத்தின் நீளம் பல நிலைகளில் முடிவைத் தீர்மானிக்கிறது. கணித வகுப்பில் மூலைவிட்டம் நடத்தும்போது இந்தப் பலகையையும் கொண்டுசெல்லலாம்.

இப்போது என் விதி இரண்டு கேள்விகளாக மாறியிருக்கிறது: மந்திரி காவல் காக்கிறதா? விரட்டினால் ஒதுங்க இடம் இருக்கிறதா? இரண்டாவது கேள்வியைக் கரும்பலகையில் எழுதியவள் அந்த மாணவிதான்.