முதல் நாள் வேலைக்கு என்ன உடுத்துவது?

இந்த மாதப் பாடம் ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. மெர்சிங்கில் நம்ம ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் தங்கச்சி ஒருவருக்கு ஓர் அலுவலகத்தில் முன்மேசை வேலை கிடைத்திருந்தது. வகுப்பு முடிந்து எல்லாரும் பாய் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "அக்கா, திங்கக்கிழமை வேலைக்குப் போறேன். எங்கம்மா பொட்டு வெக்காம போன்னு சொல்றாங்க. பஞ்சாபி சூட் போடலாமா, இல்ல பாஜு கூரோங்தான் போடணுமா? ஒண்ணும் தெரியலக்கா."

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பர் பால் துணியில் பட்டால் கறை போகாது. அதனால் வேலைக்கென்று ஒரு சட்டை, தலையில் ஒரு துண்டு, கோயிலுக்கென்று ஒரு சேலை என்று தனித்தனியாக வைத்திருந்த தலைமுறை அது. தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்திருந்த கெராணி வெள்ளைக் காற்சட்டை போட்டிருப்பார். தூரத்தில் வரும்போதே உடுப்பைப் பார்த்து ஆளின் பதவியைச் சொல்லிவிடலாம். அந்தக் கோட்டைத் தாண்டி மகள் ஆபீசுக்குள் போகிறாள். போன வேகத்திலேயே திரும்பி வந்துவிடக் கூடாதே என்ற பயம்தான் "பொட்டு வேணாம்" என்று வெளியே வருகிறது.

உடை பற்றிப் பேசுவது நம் மரபில் புதுசு இல்லை. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ஆசாரக்கோவையில், பெருவாயின் முள்ளியார் இதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார். ஒற்றை ஆடையோடு அவைக்குள் போகாதே என்று அவர் சொல்கிறார். அன்றைக்கு அவை, இன்றைக்கு அலுவலகம். நாலு பேர் கூடி வேலை பார்க்கும் இடத்துக்கு அதற்கேற்றபடி போக வேண்டும் என்பதுதான் விஷயம். இன்னொரு பக்கம், நம்ம பாட்டிமார் சொல்லும் "கந்தையானாலும் கசக்கிக் கட்டு". இதைக் கவனித்துப் பாருங்கள். புதுசு வாங்கு என்று அது சொல்லவே இல்லை. துவைத்துக் கட்டு என்கிறது.

முதலில் செய்ய வேண்டியது, கேட்பது. நம்ம பிள்ளைகளுக்கு இதில்தான் கூச்சம். நியமனக் கடிதத்தில் உடை பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டு, "ஹாரி பெர்த்தாமா நந்தி, பகாய்யான் மச்சாம் மானா யா, புவான்?" என்று கேட்டால் போதும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்கிற பிள்ளை பொறுப்பான பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். போன் போடவும் பயமென்றால், ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அந்த அலுவலகத்துக்கு எதிரே உள்ள கடையில் ஒரு தே தாரிக் குடியுங்கள். உள்ளே போகிறவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். மெர்சிங் சின்ன ஊர். படகுத்துறைப் பக்கம் தியோமான் தீவுக்கு டிக்கெட் விற்கும் கவுண்டரில் டி-சட்டையும் காற்சட்டையும் போதும். அதையே போட்டுக்கொண்டு வங்கிக்கோ மாவட்ட அலுவலகத்துக்கோ வேலைக்குப் போனால் முதல் நாளே முகம் சுளிப்பார்கள்.

அரசாங்க வேலை என்றால் எழுத்திலேயே விதி உண்டு. அரசு ஊழியர் உடை பற்றி 1985-ஆம் ஆண்டின் 2-ஆம் எண் சேவைச் சுற்றறிக்கை வந்தது. ஜீன்ஸ், அரைக்கால் சட்டை, முகத்தை மூடும் உடை இவற்றுக்கெல்லாம் அதில் தடை இருந்தது. 2008 முதல் வியாழக்கிழமைகளில் பத்தேக் உடுத்தும் வழக்கமும் வந்தது. தம்பிகளுக்கு ஒரு நல்ல பத்தேக் சட்டை போதும். வாரத்துக்கு ஒரு தடவைதானே. தனியார் நிறுவனத்தில் அவரவர் வைத்ததுதான் சட்டம். அதனால்தான் கேளுங்கள் என்கிறேன்.

இப்போது காசு. இதைப் பற்றிப் பேசாமல் உடை பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. குறைந்தபட்ச சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். இ.பி.எஃப். 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் போய்விடும். சொக்சோ பிடித்தம் போக கைக்கு வருவது 1,500-க்குப் பக்கம். அதுவும் மாசக் கடைசியில். முதல் மாசம் முழுக்க உடுத்தப்போவது இன்னும் வராத சம்பளத்தில் இல்லை, அப்பா அம்மா கையில் இருக்கும் காசில். இதை மறந்துவிட்டு, கைப்பேசியில் "இப்ப வாங்கு, அப்புறம் கட்டு" என்று வருகிற செயலியில் எட்டு சட்டை வாங்கினால், வேலைக்குச் சேர்வதற்கு முன்பே கடன்காரர் ஆகிவிடுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தம்பிகளுக்கு இரண்டு காற்சட்டை, ஒன்று கறுப்பு, ஒன்று கருநீலம். மூன்று சட்டை. மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு விதம். வேலை நாள் ஐந்துதான். தங்கைகளுக்கும் இதே கணக்கு ஓடும். ஒரே நிறக் கால்சட்டை இரண்டு, மேலே போட மூன்று. சப்பாத்து ஒரு ஜோடி, ஆனால் நல்லதாக. சட்டையில் மிச்சம் பிடிக்கலாம், சப்பாத்தில் பிடிக்காதீர்கள். நாள் முழுக்க நிற்கிற வேலையில் அது காலைக் கடித்தே கொல்லும். பண்டல் கடையில் வாங்குவது கேவலம் இல்லை. கழுத்துப்பட்டையும் கைமடிப்பும் தேயாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, தையல்காரரிடம் கொஞ்சம் வெள்ளி கொடுத்து அளவைச் சரிசெய்தால், கடைப் புதுசை விட நன்றாக உட்காரும். உடம்புக்குச் சரியாக இல்லாத விலையுயர்ந்த சட்டை, இரவல் வாங்கியது போலத்தான் தெரியும். குளுவாங்குக்கோ ஜோகூர் பாருவுக்கோ போய்த்தான் வாங்கணும் என்பதும் இல்லை. பெட்ரோல் காசையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் நம்ம ஊர் மழை. நவம்பர் வந்தால் வடகிழக்குப் பருவக்காற்று. கிழக்குக் கரையில் அதன் வேகம் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. பாதி ஈரத்தில் இஸ்திரி போட்டுப் போட்டால், ஆபீஸ் குளிர்சாதனத்தில் உட்கார்ந்ததும் ஒரு வாடை வரும். நமக்குத் தெரியாது, பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியும். அந்த மாசங்களில் ஒரு சட்டை கூடுதலாக வேண்டும், இல்லையென்றால் டோபிக் கடை உலர்த்தும் இயந்திரத்துக்குச் சில்லறை எடுத்து வையுங்கள். முழுக்கப் பருத்தி என்றால் சீக்கிரம் கசங்கும், முழுக்கப் பாலியெஸ்டர் என்றால் வேர்க்கும். இரண்டும் கலந்த துணி நம்ம தட்பவெப்பத்துக்குத் தோது. மெல்லிய வெள்ளைச் சட்டை நனைந்தால் என்ன ஆகும் என்று வாங்கும்போதே யோசியுங்கள்.

மோட்டாரில் போகிறவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போடும் நம்ம ஊர்ப் பழக்கம் நல்ல பழக்கம். சட்டை முன்பக்கம் புழுதி படாது. சப்பாத்தைப் பையில் வைத்து, சிலிப்பரோடு போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம். தங்கைகளே, துப்பட்டாவைக் காற்றில் பறக்க விட்டுக்கொண்டு மோட்டாரில் போகாதீர்கள். சக்கரத்தில் மாட்டினால் கழுத்து போகும். துப்பட்டா பைக்குள் இருக்கட்டும், ஆபீசில் எடுத்துப் போடுங்கள். சேலை கட்ட ஆசையென்றால், காடியில் கொண்டுபோய் விட ஆள் இருக்கிற நாளில் கட்டுங்கள்.

சரி, பொட்டுக்கு வருவோம். திருநீறு, குங்குமம், மூக்குத்தி, கையில் கயிறு, காப்பு, மாலை போட்டிருக்கும் காலத்தில் கறுப்பு உடையும் தாடியும், தைப்பூசத்துக்கு முடி இறக்கிய மொட்டைத் தலை. இதெல்லாம் நம்மோடு ஆபீசுக்கு வரும். என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இரண்டு கதை இருக்கிறது. முதல் கதை 1893. இளம் வழக்கறிஞராக அங்கே போய் இறங்கிய காந்தி, தலைப்பாகையோடு நீதிமன்றத்தில் உட்கார்ந்தார். கழற்றச் சொன்னார் நீதிபதி. மறுத்துவிட்டு வெளியே வந்து, பத்திரிகைக்கும் எழுதினார். இவ்வளவுதான் நம்மில் பலருக்குத் தெரியும். அடுத்த வருஷமே நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்தபோது, அங்கேயும் கழற்றச் சொன்னார்கள். இந்த முறை கழற்றிவிட்டார். நண்பர்கள் கேட்டபோது, பெரிய போராட்டங்களுக்காகத் தன் பலத்தைச் சேர்த்து வைப்பதாகச் சொன்னதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒரே மனுஷன், ஒரே தலைப்பாகை, இரண்டு முடிவு. எங்கே நிற்பது, எங்கே விடுவது என்பதை அவர் ஒவ்வொரு தடவையும் புதிதாக யோசித்திருக்கிறார்.

இரண்டாவது கதை நமக்கு இன்னும் நெருக்கம். அதே டர்பனில், தென்னிந்தியப் பூர்வீகமுள்ள ஓர் இந்துக் குடும்பத்துப் பெண்பிள்ளை 2004-ல் மூக்கு குத்திக்கொண்டார். பள்ளி விதிப்படி மூக்குத்தி கூடாது. பெண் பெரியவளானால் மூக்கு குத்துவது எங்கள் குடும்ப வழக்கம் என்று தாயார் விளக்கினார். பள்ளி ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கு ஒரு நீதிமன்றத்தில் தோற்று, அடுத்ததில் ஜெயித்து, கடைசியில் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 5 அக்டோபர் 2007 அன்று தீர்ப்பு. மூக்குத்தி கட்டாயமான மதக் கடமையா, விருப்பத்தால் பின்பற்றும் பண்பாட்டு வழக்கமா என்பது முக்கியம் இல்லை, இரண்டுக்கும் பாதுகாப்பு உண்டு, பள்ளி இடம் கொடுத்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். பிள்ளை வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண் பள்ளியை விட்டே போய்விட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் 2014-ல் வேஷ்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதியையே சென்னையில் ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. அடுத்த மாசமே சட்டமன்றம் அதற்கென்று சட்டம் போட்டது. நீதிபதிக்கு நடந்ததால் ஒரே மாசத்தில் முடிந்தது. மூக்குத்திக்கு மூணு வருஷம்.

நம்ம நாட்டில் எப்படி? அரசியல் சாசனத்தின் 11-ஆவது பிரிவு சமயத்தைப் பின்பற்றும் உரிமை தருகிறது. ஆனால் முகத்திரை அணிந்த ஓர் அரசு ஊழியரின் வழக்கில், 1994-ல் உச்ச நீதிமன்றம் நான் மேலே சொன்ன 1985 சுற்றறிக்கை செல்லும் என்றது. அந்த உடையைச் சமயம் கட்டாயமாக்கவில்லை என்பது காரணம். டர்பன் தீர்ப்புக்கு நேர் எதிர். 2005-ல் ஒரு விமானப் பணிப்பெண் வழக்கில், சாசன உரிமைகளை அரசு அமைப்புக்கு எதிராகத்தான் கேட்க முடியும், தனியார் முதலாளிக்கு எதிராக இல்லை என்ற நிலையைக் கூட்டரசு நீதிமன்றம் எடுத்தது. ஆகவே "பொட்டு என் உரிமை, கோர்ட்டுக்குப் போவேன்" என்று முதல் நாளே முஷ்டியை மடக்கிக்கொண்டு போவதில் பலன் இல்லை. அதற்காக, யாரும் கேட்காமலே அழித்துக்கொண்டு போகவும் வேண்டியதில்லை. நாமே எடுத்துவிட்டால், அது அங்கே இருக்கலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே போய்விடுகிறது.

என் அபிப்பிராயம் இது. காரணம் என்ன என்று பாருங்கள். மருத்துவமனையில், சமையலில், இயந்திரத்துக்குப் பக்கத்தில் கயிறும் காப்பும் வேண்டாம் என்றால், அது சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும். மறுபேச்சில்லாமல் கழற்றி வையுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். "வாடிக்கையாளருக்குப் பிடிக்காது" என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால், இது எழுத்தில் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். மாலை போடுவதாக இருந்தால், தாடி வளர்ந்த பிறகு விளக்கம் சொல்லாதீர்கள். இரண்டு வாரம் முன்பே மேலாளரிடம், எத்தனை நாள், எதற்காக, கறுப்புச் சட்டையை ஆபீசுக்கு ஏற்றபடி எப்படிப் போடப்போகிறேன் என்று சொல்லிவிடுங்கள். நோன்பு என்றால் என்ன என்று நம்ம மலாய்க்கார நண்பர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கயிறு பற்றி இன்னும் ஒன்று. ஆறு மாசத்துக்கு முன் கோயிலில் கட்டியது, நிறம் போய், நூல் பிரிந்து, அழுக்கேறித் தொங்கும். அது பக்தி இல்லை, சோம்பல். அவிழ்த்து ஒரு மரத்தடியில் போட்டுவிட்டு, வேண்டுமானால் புதுசு கட்டிக்கொள்ளுங்கள். திருநீறும் அப்படித்தான். நெற்றியில் அழகாகத் தரித்து, சட்டைக் காலரில் கொட்டியதைத் தட்டிவிட்டுப் போங்கள்.

ஜோகூரில் 2025 ஜனவரி முதல் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. பத்து வருஷத்துக்கு மேல் நமக்கு ஓய்வாக இருந்த வெள்ளிக்கிழமை இப்போது வேலை நாள். வேலை முடிந்து நேராகக் கோயிலுக்குப் போகிறவர்கள், அன்றைக்கு உடுத்துவதை இரண்டு இடத்துக்கும் பொருந்துகிற மாதிரி எடுத்து வையுங்கள்.

அந்தத் தங்கச்சி வியாழக்கிழமையே போன் போட்டார். "பஞ்சாபி சூட் ஓகே, ஜீன்ஸ் வேண்டாம், காலை எட்டுக்கு வந்துடுங்க" என்றார்களாம். பொட்டைப் பற்றி இவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. திங்கட்கிழமை சின்னக் கறுப்புப் பொட்டோடு போனார். மாசத்துக்குப் பிறகு என்னிடம் சொன்ன புகார் ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, கொலுசைக் கழற்றிட்டு வரச் சொல்லிட்டாங்க. நடந்தா சத்தம் கேக்குதாம்." கழற்றிட்டியா என்று கேட்டேன். "கழற்றிட்டேன். எனக்கே தலை வலிச்சுது."

அடுத்த வகுப்புக்கு எல்லாரும் ஆளுக்கொரு பழைய சட்டை, ஊசி, நூல், இரண்டு பொத்தான் கொண்டு வாருங்கள். தம்பிகளும்தான். பொத்தான் தைக்கவும், காற்சட்டைக்கு மடிப்பு விழுகிற மாதிரி இஸ்திரி போடவும் பழகுவோம். இஸ்திரிப் பெட்டி இரண்டு என்னிடம் இருக்கிறது, இன்னொன்று யாராவது கொண்டு வந்தால் சீக்கிரம் முடியும்.