5 கிராம் பவுடரும் 7 நிமிட ஓட்டமும்

கேள்வி: வயது 22, எடை 62 கிலோ, சைவம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். காலையில் ஓட்டம், மாலையில் ஜிம், இரவு 1 மணி வரை படிப்பு. கிரியேட்டினும், ஜிம்முக்கு முன் குடிக்கும் 'ப்ரீ ஒர்க்அவுட்' பவுடரும் உடம்புக்கும் ஞாபகசக்திக்கும் நல்லது என்கிறார் மாஸ்டர். கிட்னி போய்விடும் என்று அம்மா பயப்படுகிறார். வாங்கலாமா?
வாசகர், விருதுநகர்

பதில்: தம்பி, இரண்டு டப்பாவும் ஒன்றல்ல. கிரியேட்டின் நம் உடம்பே தயாரிக்கும் பொருள். இறைச்சியிலும் மீனிலும் உண்டு. சில நொடிகளுக்கு முழு பலமும் தேவைப்படும்போது தசைக்கு உடனே கைகொடுக்கும். காவலர் தேர்வில் கயிறு ஏற, நீளம் தாண்ட உதவும். சைவர்களின் தசையில் அதன் இருப்பு குறைவு என்பதால் உங்களுக்குப் பலன் சற்றுக் கூடுதலாகவே தெரியலாம். தினம் 3 முதல் 5 கிராம் மோனோஹைட்ரேட் போதும், விலை உயர்ந்த வகைகள் வேண்டாம். ஆனால் அதே தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட அது பெரிதாக உதவாது. தசையில் நீர் கோத்து எடை ஒரு கிலோ ஏறினால் ஓடும்போது சுமைதான்.

ஞாபகசக்திக்காக அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதுவரை கிடைத்த சான்று அவ்வளவு வலுவாக இல்லை. உங்கள் காலை ஓட்டத்தை நம்புங்கள். 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓராண்டு நடைப்பயிற்சி செய்த முதியவர்களுக்கு, நினைவைக் காக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது.

எனக்குக் கவலை இரண்டாவது டப்பா மீதுதான். அதில் வேலை செய்வது பெரும்பாலும் காஃபின். பல தயாரிப்புகளில் ஒரு ஸ்கூப்புக்கு 200 மில்லிகிராம். அதில் பாதி உடம்பைவிட்டு வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்தால், இரவு 11 மணிக்கு ஒரு ஸ்ட்ராங் காபி குடித்த மாதிரி உட்கார்ந்திருப்பீர்கள். படித்தது மனதில் பதிவதும், பயிற்சியில் களைத்த தசை தேறுவதும் தூக்கத்தில். அதனால் இந்த இரண்டாவது டப்பாவை வாங்காதீர்கள். 11 மணிக்குப் புத்தகத்தை மூடுங்கள். ஊக்கம் வேண்டுமானால் காலை ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வீட்டுக் காபியே போதும்.

அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஆரோக்கியமான சிறுநீரகத்தை இந்த அளவு கிரியேட்டின் கெடுத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிறுநீரகத் தொல்லை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. எதற்கும் தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பிறகு எப்போது பரிசோதித்தாலும் கிரியேட்டின் எடுப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அதனால் ரிப்போர்ட்டில் 'கிரியேட்டினின்' அளவு கொஞ்சம் ஏறியிருக்கலாம், கிட்னி நன்றாக இருந்தாலும்.